சத்தியம் கேட்காத நாற்காலி

ஒரே ஒரு சீமையாம். அந்தச் சீமைக்கு ஒரே ஒரு ராஜாவாம். ராஜா சிரித்தால் சீமை சிரிக்குமாம், ராஜா தும்மினால் சீமைக்கே ஜலதோஷமாம். அந்த ராஜாவுக்கு ஒரு திவானாம், ராஜா பேச வேண்டியதையெல்லாம் அவன்தான் பேசுவானாம். அந்தத் திவான் நான். ஆலங்காவு சமஸ்தானத்துத் திவான் நெல்லைநாயகம் பிள்ளை, வயது அறுபத்தெட்டு, ஹுசூர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி கேட்டாகிவிட்டது. கதை அங்கேயே நிற்கிறது. பதில்தான் வரவேண்டும், பதில் என் வாயில் இருக்கிறது, வாய் காய்ந்து கிடக்கிறது. வக்கீல் ஞானாதிக்கம், பாளையங்கோட்டையிலிருந்து வில்வண்டியில் வந்திறங்கியவன், கழுத்துப்பட்டையில் காப்பிக் கறை, முப்பது வயதுகூட இருக்காது, அவன் கேட்டான்: "தெப்பத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பெருமாட்டிக் குளத்து மடையைத் திறக்க உத்தரவு கேட்டு மாசானம் அனுப்பிய சீட்டு தங்கள் கைக்கு வந்ததா, வரவில்லையா?" நல்ல கேள்வி. தப்பிக்கிற சந்து இல்லாத கேள்வி. நான் வக்கீலாக இருந்த காலத்தில் இப்படி ஒரு கேள்வியைச் செதுக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பேன். இவன் வண்டியில் வரும்போதே யோசித்திருப்பான். வந்ததா, வரவில்லையா. மேலே கயிற்றில் இழுக்கிற பங்கா விசிறி ஒருமுறை கிறீச்சென்று போய் ஒருமுறை கிறீச்சென்று வருகிறது, வந்ததா, வரவில்லையா, அதுவும் அதையேதான் கேட்கிறது. தலைப்பாகைக்குள்ளிருந்து ஒரு வேர்வைத் துளி புறப்பட்டு நெற்றியில் நிற்கிறது, துடைத்தால் ஜனங்கள் பார்ப்பார்கள், துடைக்காவிட்டாலும் பார்ப்பார்கள்.

எதிர்க் கூண்டில் மாசானம் நிற்கிறான். பெருமாட்டிக் குளத்து நீர்க்கட்டி. தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து அந்த மடையைத் திறந்து மூடுகிற வம்சம். மழையடித்த அன்று மடையைத் திறக்காமல் விட்டான், கரை உடைந்தது, கீழமடைக் குடியிருப்பில் பதினோரு பேர் போனார்கள், ஆகவே பத்து வருஷம் கடுங்காவல் கொடுக்க வேண்டும் என்று சமஸ்தானம் கேட்கிறது. சமஸ்தானம் என்றால் யார், நான்தான், குற்றப் பத்திரிகையில் என் கச்சேரி முத்திரைதான் விழுந்திருக்கிறது. அவன் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "சீட்டு அனுப்புனேன்யா. கணக்குப்பிள்ளைதான் எழுதிக் குடுத்தாரு. என் பொண்டாட்டிதான் கொண்டுபோனா. திரும்பி வந்த சீட்டுல திறன்னும் இல்ல, திறக்காதேன்னும் இல்ல. உத்தரவுக்காக உக்காந்திருந்தேன்யா, தண்ணி என் முழங்கால்ல ஏறுத வரைக்கும் உக்காந்திருந்தேன்." தெப்பத்துக்குக் காப்புக் கட்டிய பத்து நாளும் திவான் கையெழுத்து இல்லாமல் எவனும் மடையில் கை வைக்கக்கூடாது, அது இங்கே நூறு வருஷத்துச் சட்டம். சீட்டு தண்ணீரோடு போய்விட்டது. அதை எழுதி, திரும்பி வந்ததை வாசித்துச் சொன்ன கணக்குப்பிள்ளையும் தண்ணீரோடு போய்விட்டார். கொண்டுபோனவள் குற்றவாளியின் பெண்டாட்டி, அவள் சொல் தராசில் ஏறாது. வாங்கி உள்ளே கொண்டுவந்த என் டவாலிச் சேவகன் சேதுக்குட்டி, நான் ஒன்றும் கேட்காமலே, நேற்று இதே கூண்டில் ஏறி "எனக்கு ஞாபகம் இல்லை எசமான்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். எவ்வளவு சுத்தமாகச் சொன்னான்! என்னிடம் பதினாறு வருஷம் இருந்தவனல்லவா. மிச்சம் இருப்பது நான் ஒருவன்.

வந்தது. வந்தது என்றால் எப்படி வந்தது, நனைந்து வந்தது, ஒரு மூலையில் மை கரைந்து நீலமாக இருந்தது. மத்தியானம் இரண்டு மணி. நான் இலையில் உட்காரப் போகிற நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், முற்றத்தில் ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு மாசானத்தின் பெண்டாட்டி நின்றாள், மழை குடைக்கு வெளியேயும் உள்ளேயும் ஒன்றாகத்தான் பெய்தது. "குளம் நிறைஞ்சாச்சு. கரை கசியுது. மடை திறக்க உத்தரவு வேணும்." மூன்றே வரி. மகாராஜாவிடம் கொண்டுபோக வழியில்லை, காப்புக் கட்டியவர் பத்து நாள் ராஜ்ய விஷயம் காதில் வாங்கக்கூடாது, திவானே அவர் பேரில் முடிவு செய்ய வேண்டும். திறக்கச் சொன்னால் குளம் நாலு அடி இறங்கும், மறுநாள் தெப்பம் தரை தட்டும், புதிதாகப் பிறந்த இளவரசருக்காக விடுகிற முதல் தெப்பம், வெள்ளைக்கார சர்க்காரின் ரெசிடெண்ட் துரையும் துரைசானியும் பார்க்க வருகிறார்கள். மகாராஜா முகம் சுண்டிப் போகும். திறக்காதே என்று எழுதினால், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் கையெழுத்து. பேனாவை மையில் தொட்டேன். ரசம் ஆறுகிறது என்று உள்ளேயிருந்து என் சம்சாரம் சிவகாமி குரல் கொடுத்தாள். நான் எழுதினேன்: "பார்வையிடப்பட்டது." கீழே என் சுருக்கொப்பம். கொடுத்தனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பூசணிக்காய்க் கூட்டு. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அஞ்சு மணிக்குக் கரை உடைந்தது.

அது எனக்குப் பழகிய கை. என்னை இந்த நாற்காலி வரைக்கும் கொண்டுவந்த கை. அப்பா பத்திரம் எழுதுகிறவர், ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் புளியமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார், "எழுதினவன் மாட்டுவான்டா, எழுதச் சொன்னவன் வீட்டுக்குப் போயிடுவான்" என்பார். நான் எழுதாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். தத்து வழக்கில் அதுதான் ஜெயித்தது. பழைய ராணியம்மா தத்தெடுத்த ஆறு வயதுப் பிள்ளை செல்லாது என்று பங்காளிகள் போட்ட வழக்கு. எதிர்த் தரப்புப் புரோகிதரைக் கூண்டில் வைத்து ஒன்றரை நாள் கேட்டேன். ஹோமம் வளர்த்தது எந்தத் திசை, தாரை வார்த்த தண்ணீர் எந்தச் செம்பில், செம்புக்கு மூக்கு உண்டா. பாவம், பதினேழு தடவை "நினைவில்லை" என்றார். நினைவில்லாதவரின் சாட்சி எதற்கு என்று ஜட்ஜ் தள்ளிவிட்டார். பிள்ளை ராஜாவானான். நான் சமஸ்தான வக்கீலானேன், பிறகு ஜட்ஜ், பிறகு திவான். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்திமூன்று வயது. என்னைப் பிள்ளைவாள் என்பார், நான் நின்றால் உட்காரும் என்பார், நான் உட்காரமாட்டேன். பதினாறு வருஷத்தில் ஆஸ்பத்திரி கட்டினேன், ரோடு போட்டேன், பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தேன், ஒரு ஃபைலிலும் சரி என்றோ வேண்டாம் என்றோ எழுதினதில்லை. "கவனிக்கப்படும்." "உரிய முறையில் ஆகவேண்டியது." கச்சேரியில் குமாஸ்தாக்கள் அதற்கு வைத்த பெயர் எனக்குத் தெரியும், விளக்கெண்ணெய் உத்தரவு. ஒரு நாள் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "ஏய், திவான் உத்தரவு வந்திருக்குலே." "என்ன சொல்லுதாரு?" "கையில பிடி பாப்போம்." சிரித்தார்கள். நானும் எனக்குள் சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"கேள்வி விளங்கவில்லையென்றால் திரும்பக் கேட்கிறேன்," என்கிறான் ஞானாதிக்கம். குரலில் மரியாதை இருக்கிறது, மரியாதைக்குக் கீழே ஒரு முள். மேலே ஜட்ஜ் வெங்கோபா ராவ், நானே நியமித்தவர், நெளிகிறார். "திவான் அவர்கள் கொஞ்சம் தீர்த்தம் சாப்பிடலாமே. அவசரமில்லை." பெஞ்சு கிளார்க் டம்ளரை நீட்டுகிறான். வாங்கும்போது டம்ளரின் விளிம்பில் மோதிரம் பட்டு டிங் என்கிறது. கோர்ட்டு முழுக்க அந்தச் சத்தம். முத்திரை மோதிரம். மகாராஜா தன் கையால் போட்டுவிட்டது. இதைப் போட்டவன் கோர்ட்டில் கூண்டில் ஏறக்கூடாது, நாற்காலிதான். இதைப் போட்டவனிடம் சத்தியப் பிரமாணம் கேட்கக்கூடாது, அவன் சொல் ராஜா சொல், ராஜா சொல்லுக்கு யார் சத்தியம் கேட்பது? இந்த நாற்காலியிலிருந்து சொன்னதை எவனும் மறுக்க முடியாது. அதனால்தான் மகாராஜா என்னைச் சாட்சி சொல்ல அனுப்பினார். காலையில் பல் குச்சியோடு நின்றுகொண்டே சொன்னார்: "என்ன பிள்ளைவாள், கோர்ட்டுப் படியேறி ரொம்ப நாளாச்சே, கூச்சமா இருக்கோ?" "இல்லை மகாராஜா." "ஒரே வார்த்தைதானே. வரலைன்னு சொல்லிடும். சொல்லிட்டு மத்தியானம் இங்கே வந்துடும், சேர்ந்து சாப்பிடலாம்." நான் அப்போதும் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, குனிந்து வணங்கிவிட்டு வந்தேன். சீட்டு வந்ததும் நான் எழுதியதும் அவருக்குத் தெரியுமா? அவர் கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதற்காகவே கேட்கவில்லை. என்னிடம் வளர்ந்த பிள்ளை.

வரவில்லை. நாலு எழுத்தோ அஞ்சு எழுத்தோ, நாக்கு நுனியில்தான் இருக்கிறது, சும்மா வாயைத் திறந்தால் அதுவே விழுந்துவிடும். விழுந்தால் மாசானம் பத்து வருஷம். அவனுக்கு இப்போதே ஐம்பது இருக்கும். கால் இரண்டும் சேற்றுப்புண், நிற்கும்போது மாற்றி மாற்றி வைக்கிறான். என்னைப் பார்க்கமாட்டேன் என்கிறான். பார்த்தால் தேவலை. கோபமாகப் பார்த்தால் ரொம்ப தேவலை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், மேல்மடை எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கிறவன் மாதிரி, இன்னும் என் உத்தரவுக்காகத்தான் நிற்கிறான். சரி, வந்தது என்று சொல். சொன்னால்? பின் வரிசையில் ரெசிடெண்ட் துரையின் குமாஸ்தா நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறான். மோதிரம் போட்டவன் வந்தது என்றால் ராஜாவுக்கு வந்தது என்று அர்த்தம், ராஜா பார்த்தார், ராஜா சும்மா இருந்தார், ராஜா பதினோரு பேரைக் கொன்றார். இரண்டு மாசத்தில் துரை வந்து சமஸ்தானத்தைத் தன் பார்வையில் எடுத்துக்கொள்வார். அந்தப் பிள்ளை அதைப் பார்க்கவே இல்லையே. அவர் கையில் காப்பு, அவர் கோவிலில் இருந்தார், அந்தச் சீட்டு என் இலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆக, பொய் சொன்னால் அது ராஜாவின் பொய். உண்மை சொன்னால் அது ராஜாவின் குற்றம். இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை. பதினாறு வருஷமாக இதில் எவ்வளவு சுகமாக இருந்திருக்கிறேன்! எதுவும் நான் செய்யவில்லை. எதுவுமே நான் செய்யவில்லை.

கழற்றினால்?

யாரும் கழற்றினதில்லை. செத்த பிறகு கழற்றுவார்கள், அல்லது ராஜா கழற்றுவார். பத்துப் பேர் பார்க்கத் தானே கழற்றினால் அந்த நிமிஷமே திவான் இல்லை, வெறும் ஆள், வெறும் ஆளை ஏற்றி இறக்கிக் கேட்கலாம், சத்தியம் வாங்கலாம், பிறகு சங்கிலி போடலாம். இருக்கிற வீடு அரண்மனை வீடு. சிவகாமிக்கு மூட்டுவலி, எங்கே கூட்டிக்கொண்டு போவேன். தப்பு, இது யோசனை இல்லை, பயம், பயத்துக்கு யோசனைச் சட்டை போட்டுப் பார்க்கிறேன், அதைத்தானே அன்றைக்கும் செய்தேன். ஞானாதிக்கத்தின் இடத்தில் நான் இருந்தால் இப்போது என்ன கேட்பேன்? கேட்கமாட்டேன். சும்மா இருப்பேன். அவனும் சும்மாதான் இருக்கிறான், கெட்டிக்காரன். பங்கா போகிறது, வருகிறது. என் இடது கை என்னைக் கேட்காமல் வலது கை மோதிர விரலைப் பிடித்துவிட்டது. இழுத்தேன். வரவில்லை. முட்டியில் வந்து நிற்கிறது. போட்டுவிட்ட அன்று தளர்வாக இருந்த மோதிரம், நூல் சுற்றிப் போட்டேன், பதினாறு வருஷச் சாப்பாடு விரலில் சேர்ந்திருக்கிறது. திருகினேன். தோல் சுருண்டு வலித்தது. கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஜட்ஜ் பாதி எழுந்துவிட்டார். "திவான் அவர்களே, இது... இது என்ன... தேவையில்லையே." நான் இழுத்துக்கொண்டிருந்தேன். அசிங்கமாக இருந்தது, தேங்காய் உரிக்கிறவன் மாதிரி மூச்சு வாங்கியது, தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பெஞ்சு கிளார்க் விளக்கெண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்தான், ஊற்றினான், அதற்கும் அது சுற்றியதே தவிர முட்டியைத் தாண்டவில்லை. அப்படியே விட்டுவிடலாம். முடியவில்லை, கழற்றத்தான் பார்த்தேன், முடியவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஐயோ, அது எவ்வளவு நல்ல வழியாக இருந்தது. கழற்றவும் இல்லை, கழற்றாமலும் இல்லை. என் நாக்கு அந்த வாக்கியத்தைக் கட்டக்கூட ஆரம்பித்துவிட்டது.

"எண்ணெய்க்கெல்லாம் வராதுய்யா. நூலச் சுத்தணும்."

பின்னால் சுவரோரம் நின்ற பெண் பிள்ளை. மாசானத்தின் பெண்டாட்டி பிச்சம்மாள். சேவகன் "ஏ, சும்மா இரு" என்று அதட்டினான். அவள் சும்மா இருக்கவில்லை. "விரல மேலருந்து இறுக்கமாச் சுத்திக்கிட்டு வந்து, நூல் நுனிய மோதரத்துக்கு உள்ளால விட்டு, கீழருந்து பிரிக்கணும். பிரியப் பிரியத் தானா வரும். எங்க மதினிக்கு அப்படித்தான் எடுத்தோம்." ஜட்ஜைப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்தார். ஞானாதிக்கம் தன் மேஜையிலிருந்த கேஸ் கட்டை அவிழ்த்தான், அதைக் கட்டியிருந்த நூலை எடுத்து நீட்டினான். வாங்க ஆளில்லை. சேதுக்குட்டிதான் வந்தான், என் டவாலி, நேற்று ஞாபகம் இல்லாதவன். முழங்கால் போட்டு உட்கார்ந்து என் விரலில் நூல் சுற்றினான். "வலிக்குதா எசமான்?" "சுத்து." "இன்னும் இறுக்கு," என்றாள் அவள் அங்கிருந்தே. விரல் நுனி கறுத்தது, உள்ளே ரத்தம் தப்புத் தப்பென்று அடித்தது. சேதுக்குட்டியின் கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாக என் அங்கியில் விழுந்தது, துடைக்க அவனுக்குக் கை இல்லை. நூலைப் பிரித்தான். மோதிரம் முட்டியில் ஏறி, நின்று, தோலை வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

எழுந்தேன். நாற்காலியிலிருந்து கூண்டுக்கு மூன்று எட்டு. படி உயரம். எத்தனை பேரை இதில் ஏற்றியிருக்கிறேன், படி உயரம் என்று ஒரு நாளும் தெரியாது. பெஞ்சு கிளார்க் பிரமாண வாசகத்தை மனப்பாடமாகச் சொல்கிறவன், இன்றைக்கு மூன்று இடத்தில் தடுக்கினான். கடவுள் அறியச் சொல்லுவதெல்லாம் உண்மை என்றேன். என் குரல் எனக்கே புதிதாக, மெலிசாக இருந்தது. "பெயர்?" என்றான் ஞானாதிக்கம். "நெல்லைநாயகம்." "தொழில்?" யோசித்தேன். "முன்னாள் வக்கீல்." "சீட்டு வந்ததா?" "வந்தது. இரண்டு மணிக்கு." "மகாராஜா பார்த்தாரா?" "இல்லை. அவருக்குத் தெரியாது. என்னோடு நின்றுவிட்டது." "என்ன எழுதினீர்கள்?" "பார்வையிடப்பட்டது என்று எழுதினேன்." "திறக்கச் சொல்லியா, வேண்டாமென்றா?" "இரண்டும் இல்லை." "ஏன்?" ஏன் என்று ஒருவனும் என்னைக் கேட்டதில்லை. ஆயிரம் பதில் உண்டு, சட்டப்படி, சம்பிரதாயப்படி, ஒவ்வொன்றும் நன்றாக நிற்கும். "திறந்தால் மகாராஜா கோபிப்பார் என்று பயம். திறக்காதே என்று எழுதினால் என் தலையில் விழும் என்று பயம். கரை கசிகிறது என்று எழுதியிருந்ததை வாசித்தேன். வாசித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்." எங்கேயோ ஒரு கிழவி "அடப் பாவி" என்றாள். சேவகன்கூட அவளை அதட்டவில்லை. அப்போதுதான் மாசானம் தலையைத் தூக்கிப் பார்த்தான். நான் பயந்த பார்வையும் இல்லை, நான் ஆசைப்பட்ட பார்வையும் இல்லை. கசிகிற கரையைப் பார்க்கிற பார்வை, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. வெங்கோபா ராவ் என் முகத்தைப் பார்க்காமல் உத்தரவு திங்கட்கிழமை என்றார், அதுவரை கைதி காவலில் என்றார், எழுந்து உள்ளே போய்விட்டார். துரையின் குமாஸ்தா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஓடினான். மோதிரத்தை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து இரண்டு சேவகர்கள் அரண்மனைக்கு எடுத்துப் போனார்கள், ஜனம் அதற்கு விலகி வழிவிட்டது. மாசானத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். ஞானாதிக்கம் அவிழ்ந்த கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தான், ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். சேதுக்குட்டியை நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன், அம்மாவிடம் போய்ச் சொல், ஓடு என்று. என்ன சொல்ல என்று அவன் கேட்கவில்லை. பங்கா நின்றது. நான் கூண்டிலேயே நின்றுகொண்டிருந்தேன், இறங்கலாம் என்று சாட்சிக்கு ஜட்ஜ் சொல்ல வேண்டும், அவர் சொல்லாமலே போய்விட்டார். விரலில் ரத்தம் கசிந்தது. பிச்சம்மாள் மட்டும் இருந்தாள். சுவரை விட்டு நடந்து வந்து கூண்டுக்குக் கீழே நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், கும்பிடப் போகிறாளோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

"திங்கக்கிழமை அவுகள விட்டுருவாகளா?" என்றாள்.

"தெரியாது அம்மா. விடணும். ஆனா எனக்குத் தெரியாது."

"உடஞ்ச கரைய அடைக்கணும். அடுத்த மழைக்கு முன்னால. அவுகளுக்குத்தான் அந்த மண்ணு தெரியும். யாருகிட்டக் கேக்கணும்?"

"இனிமே என்கிட்ட இல்லை."

"அது தெரியுது," என்றாள். ஒரு நிமிஷம் அங்குமிங்கும் பார்த்தாள், கோர்ட்டில் வேறு யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று. யாரும் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்க வேண்டிய ஆளைத் தேடி, ஜட்ஜ் போன கதவின் பக்கமாக விறுவிறு என்று நடந்து போனாள்.